‘பாக்கலாமுங்க’ ஆசாமியும் ஹாம்பர்க் சட்டமும்

கேட்டதும் சரி என்று சொல்லிவிடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையாலும் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. முதல் வகையிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாம் வகையைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்கே போகவிடாமல் நம்மை வாசலில் நிற்க வைக்கிற மூன்றாம் வகை ஒன்று உண்டு. ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. பல் தெரியாமல் சிரித்து, தலையை எந்தத் திசையென்று தெரியாதபடி ஆட்டி, ‘பாக்கலாமுங்க’ என்று சொல்லும். சொல்லிவிட்டு நமக்கு ஒரு காப்பியும் வரவழைக்கும்.

திருப்பூரில் இந்த இனம் நன்றாகச் செழித்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு ‘கட்டாயம் வந்துருங்க’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பாக்கலாமுங்க’ என்பார். பந்தியில் அவருக்கு இலை உண்டா, இல்லையா? அது சமையல்காரர் பாடு. பல் டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ‘பிடுங்கிடட்டுங்களா?’ என்று கேட்டால், திறந்த வாயை மூடாமலே ‘ஆக்கலாவுங்க’ என்பார். தம்பி மகனுக்குப் பெண் பார்த்து, பஜ்ஜியும் கேசரியும் தின்று, ஆறு மாதம் பதில் சொல்லாமல் இருந்து, அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி, அந்தக் கல்யாணத்துக்கும் போய் வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவுகிற இடத்தில் பெண்ணின் மாமனை ஓரங்கட்டி, ‘நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க’ என்று மனத்தாங்கல் படுகிறவர் அவர்தான்.

இதை மரியாதை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். மரியாதையா? ‘முடியாதுங்க’ என்பதிலும் அதே ‘ங்க’ இருக்கிறதே, அதைச் சொல்ல எது தடுத்தது? இரண்டு கதவும் திறந்தே கிடக்க வேண்டும் என்கிற பேராசையும், எந்தக் கதவைச் சாத்தினாலும் யாராவது கோபித்துக்கொள்வார்களே என்கிற பயமும் சரிபாதியாகக் கலந்தால் கிடைப்பது ‘பாக்கலாமுங்க’. வாயைத் திறக்காதவரை உலகத்தில் எவனும் தன்னை எதிலும் கட்டிப்போட முடியாது என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பொங்கியண்ணனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொன்னால் மற்றது விளங்கும்.

பொங்கியண்ணனுக்கு மங்கலம் ரோட்டில் ஏற்றுமதிக் கம்பெனி. குழந்தைகளுக்கான பின்னலாடைகள். தைக்கிற கூடத்தில் இருநூறு மிஷின், வெட்டுகிற மேஜை, இஸ்திரி, பேக்கிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஐம்பத்து நான்கு வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று. அவரைப் பற்றி ஊரில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எப்படி இருக்கும்? ஒருவரைக் கெட்டவர் என்று சொல்வதற்கு அவர் ஏதாவது ஒன்று சொல்லியோ செய்தோ இருக்க வேண்டுமல்லவா?

அந்தக் கம்பெனியில் கோமளா மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரிகளோடு கடிதப் போக்குவரத்து, மாதிரி அனுப்புவது, தேதி குறிப்பது, அவர்கள் வந்தால் கூட உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கணியூரிலிருந்து படித்து வந்தவள், பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தாள். முதலாளி எதற்கும் பதில் சொல்லமாட்டார் என்பது முதல் மாதமே தெரிந்துபோனதால், பதிலை அவர் முகத்திலிருந்து வாசிக்கப் பழகிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றினால் வேண்டாம் என்று பொருள். காப்பி சொன்னால் சரி. கைப்பேசியை எடுத்தால் நீ போகலாம். பத்துக்கு எட்டு முறை இந்த அகராதி பலித்தது. மிச்சம் இரண்டு முறைக்கு அவள் திட்டு வாங்கினாள். அந்தத் திட்டுங்கூட நேராக வராது; மேனேஜர் ஆத்தப்பன் வழியாக, ‘அய்யா கொஞ்சம் வருத்தப்பட்டாருங்க’ என்று வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அவள், ஏற்றுமதிப் பிரிவுக்குத் தன்னை மேனேஜர் ஆக்க முடியுமா என்று கேட்டாள். வேலையெல்லாம் ஏற்கெனவே அவளுடையதுதான், பெயர் மட்டும்தான் பாக்கி. ‘பாக்கலாம் அம்மிணி’ என்று சொல்லிக் காப்பி வரவழைத்தார். காப்பி என்றால் சரி. அந்தக் காப்பியை நம்பி மூன்று வருஷம் காத்திருந்தவளைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்கத்தான் வேண்டும். இந்த இனத்தோடு நாள்பட இருப்பவர்களுக்கு வருகிற நோய் அது: மௌனம் எல்லாம் அவர்கள் காதில் சம்மதமாகவே விழும்.

போன வருஷம் ஜனவரியில் ஹாம்பர்க்கிலிருந்து உல்ரிக்கே என்ற அம்மாள் வந்தாள். ஜெர்மனியில் குழந்தைத் துணிக்கடைகள் பல வைத்திருக்கிற கம்பெனிக்குக் கொள்முதல் பார்ப்பவள். நாற்பதாயிரம் இரவு உடுப்பு, இயற்கை முறையில் விளைந்த பருத்தி, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு, செப்டம்பர் கடைசியில் கப்பல் ஏறவேண்டும். விலையையும் அவளே சொன்னாள். பொங்கியண்ணன் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டார். தலையை ஆட்டினார். மாதிரித் துணியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிப் பாராட்டினார். முடிவாக அந்த அம்மாள் கோமளாவைப் பார்த்து, உங்கள் முதலாளி ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டாள்.

கோமளா தமிழில் கேட்டாள். “சரின்னு சொல்லீறட்டுங்களா சார்?”

அவர் சிரித்தார். “பாத்துக்கலாம் அம்மிணி.”

கவனியுங்கள். அன்றைக்கு அவர் சொன்னது ‘பாக்கலாம்’ இல்லை, ‘பாத்துக்கலாம்’. ‘பாக்கலாம்’ என்றால் நடக்காமலும் போகலாம். ‘பாத்துக்கலாம்’ என்றால் கவலைப்படாதே, ஆகவேண்டியதை நான் கவனிக்கிறேன் என்று ஊரில் அர்த்தம். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘சார் பார்த்துக்கொள்வார்’ என்றுதான் கோமளாவால் சொல்ல முடிந்தது. உல்ரிக்கே எழுந்து கை கொடுத்தாள். அவரும் கொடுத்தார். முறுக்கும் மைசூர்பாகும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்து, கார் வரைக்கும் போய் வழியனுப்பினார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ‘திருப்பூரில் நாம் பேசி முடித்ததை இதன்மூலம் உறுதி செய்கிறோம்’ என்று தொடங்கி, எண்ணிக்கை, விலை, தேதி எல்லாம் பேசியபடியே. பின்னால் ஆறு பக்க நிபந்தனைகள். ஆறாம் பக்கத்தின் அடியில், ஜெர்மன் நாட்டின் உள்நாட்டுச் சட்டம் பொருந்தும், சர்வதேச விற்பனை உடன்படிக்கை பொருந்தாது, தகராறு வந்தால் ஹாம்பர்க்கில் ஒரு நடுவர் தீர்ப்பார் என்று இருந்தது. கோமளா அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள். சரியா, இல்லையா, இரண்டில் ஒன்று எழுதிவிடலாம் என்றாள்.

இதற்குள் பொங்கியண்ணன் காதில் அமெரிக்க ஆர்டர் ஒன்று விழுந்திருந்தது. இதைப் போல மூன்று மடங்கு. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் ஹாம்பர்க்குக்குத் தைக்க மிஷின் இருக்காது. உறுதியாகாவிட்டால் ஹாம்பர்க் வேண்டும். ஆகவே?

“பதில் போட வேண்டாம் அம்மிணி” என்றார். “நாம ஒண்ணும் சொல்லாத வரைக்கும் நாம எதுக்கும் ஆளில்ல பாரு.”

பிப்ரவரியில் அமெரிக்க ஆர்டர் வந்துவிட்டது. கோமளா ஒரு கடிதம் எழுதினாள். மன்னிக்கவும், இந்த ஆண்டு எங்களால் இயலவில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாலே வரி. அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவர் கைப்பேசியை எடுத்தார். மார்ச்சில் இன்னும் பணிவாக ஒன்று எழுதினாள். அவ்வளவு நல்ல அம்மாளிடம் எப்படி முடியாது என்று சொல்வது, மனசு சங்கடப்படாதா என்று ஆத்தப்பனிடம் வருத்தப்பட்டாராம். பாருங்கள் இந்த இளகிய நெஞ்சை. ‘முடியாது’ என்ற பதில் கிடைத்திருந்தால் பிப்ரவரியில் ஒரு மணிநேரம் வருந்தி, சாயங்காலத்துக்குள் வேறு கம்பெனியைப் பிடித்திருக்கக்கூடிய ஒருத்தியை, ஆறுமாதம் நம்பவைப்பது அவருக்குச் சங்கடமாக இல்லை.

ஜூலையில் உல்ரிக்கே எழுதினாள். தையல் தொடங்குமுன் பார்த்து ஒப்புதல் தரவேண்டிய மாதிரிகள் இன்னும் வரவில்லையே, எங்கள் விளம்பரப் புத்தகம் அச்சாகிவிட்டதே என்று கேட்டிருந்தாள். பொங்கியண்ணனுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. நாம் எப்போது ஒத்துக்கொண்டோம் என்று கோமளாவைக் கேட்டார். கோமளா ஜனவரிக் கடிதத்தை மறுபடியும் மேஜைமேல் வைத்தாள். இருவரும் கோயம்புத்தூருக்குப் போனார்கள்.

அங்கே மெஹ்ஜபின் என்ற வழக்கறிஞர். வெளிநாட்டு வியாபாரத் தகராறுகள் பார்ப்பவர். அந்த ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நம் ஊர்ச் சட்டப்படி பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். பொங்கியண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஜெர்மனியில் இரண்டு வியாபாரிகள் பேசி முடித்து, ஒருவர் அதை எழுதி அனுப்பினால், மற்றவர் அதை உடனே மறுக்க வேண்டும், மறுக்காமல் சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு என்றார். பொங்கியண்ணன் நிமிர்ந்தார்.

“அப்ப நாம ஒத்துக்கிட்டமா இல்லியாங்க?”

“அதைக் கேக்கறதுக்கு முந்தி, எந்த நாட்டுச் சட்டத்தைக் கேக்கறதுன்னு முடிவு பண்ணோணுங்ணா. நம்ம சட்டத்தைக் கேட்டா ஒப்பந்தமே இல்லைங்கும். அவங்க சட்டத்தைக் கேட்டா ஜனவரியிலயே முடிஞ்சுதுங்கும்.”

அப்போது பொங்கியண்ணன் தம் வாழ்நாளில் கேட்ட ஒரே கூர்மையான கேள்வியைக் கேட்டார். அந்த ஆறு பக்கத்தையே தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறபோது, அதிலே எழுதியிருக்கிற ஜெர்மன் சட்டம் மட்டும் தன்னை எப்படிக் கட்டும்? மெஹ்ஜபின் சிரித்துவிட்டார். சட்டம் படித்தவர்களே முட்டிக்கொள்கிற இடம் அதுதான் என்றார். அதற்குக் கண்டுபிடித்திருக்கிற வழி இது: ஒப்பந்தம் உண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வது. உண்டானால் அதை எந்த நாட்டுச் சட்டம் ஆளுமோ, அந்தச் சட்டத்திடமே போய், அது உண்டானதா இல்லையா என்று கேட்பது.

“பொறக்காத கொழந்தைக்கு ஜாதகம் எழுதி, அந்த ஜாதகத்துல அது பொறந்துச்சான்னு பாக்கறாப்பல இருக்குதுங்க” என்றார் பொங்கியண்ணன்.

“அதேதானுங்க. ஆனா உங்களுக்கு ஒரு சந்து இருக்குது.”

அந்தச் சந்து எது என்றும் அவர் விளக்கினார். தன் ஊரில் பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது, அந்தப் பழக்கத்தை நம்பித்தான் சும்மா இருந்தேன், எனக்குத் தெரியாத நாட்டுச் சட்டத்தை வைத்து என் மௌனத்துக்கு அர்த்தம் சொல்வது நியாயமில்லை என்று ஒருவர் காட்ட முடிந்தால், தான் சம்மதிக்கவில்லை என்பதற்குத் தன் ஊர்ச் சட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் கை கொடுத்ததும் முறுக்குக் கொடுத்ததும் கொஞ்சம் இடிக்கும். ஆனாலும் வாதாடிப் பார்க்கலாம். அந்த வாரமே மெஹ்ஜபின் ஹாம்பர்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை, பொங்கியண்ணன் ஓர் இந்திய வியாபாரி, இந்தியச் சட்டப்படி மௌனம் சம்மதம் ஆகாது, ஜெர்மன் வழக்கம் அவருக்குத் தெரியாது. பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டார். இனி தன்னைக் கேட்காமல் ஒரு வரிகூட அனுப்பக்கூடாது என்று மெஹ்ஜபின் இரண்டு முறை சொன்னார். ‘பாத்துக்கலாமுங்க’ என்றார் இவர்.

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியைக் கூட்டியது. அமெரிக்க ஆர்டர் நின்றுபோனது. வெட்டிய துணி வெட்டியபடி கிடந்தது. இருநூறு மிஷினில் நூற்றைம்பது சும்மா நின்றது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனார்கள். பொங்கியண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கண்டுபிடிக்கவுமில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்து கோமளாவைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரே வாய்விட்டு ஒரு கடிதம் சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள். ‘அம்மணி, தாங்கள் ஜனவரியில் அனுப்பிய உறுதிக் கடிதத்தை நாங்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. தங்கள் நாட்டுச் சட்டப்படியும் வியாபார வழக்கப்படியும் அப்படி மறுக்காமல் இருப்பது சம்மதமே என்பதை நாங்கள் நன்கு அறிவோம். எனவே ஒப்பந்தம் ஜனவரி முதல் உயிரோடு இருக்கிறது. உடனே தைத்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம்.’

ஜூலை மாதம் பாரத நாட்டுச் சட்டத்தின் பச்சைப் பிள்ளையாக இருந்தவர், செப்டம்பர் பிறப்பதற்குள் ஹாம்பர்க் துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவராகிவிட்டார்.

கோமளாவின் கை நின்றுவிட்டது. “வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாமுங்க சார். போன மாசம் இதுக்கு நேர் மாறால்ல எழுதியிருக்கறோம்.”

“அது போன மாசம் அம்மிணி. நீ அனுப்பு.”

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவர் வாயிலிருந்து ‘செய்’ என்று தெளிவான உத்தரவு வந்தது. அதுவும் இதற்கு வந்தது. அவள் அனுப்பினாள்.

இரண்டு நாளில் உல்ரிக்கேயின் பதில் வந்தது. கடிதத்துக்கு மிகவும் நன்றி, எங்கள் கருத்தும் அதுவே, ஒப்பந்தம் ஜனவரியிலேயே பிறந்துவிட்டது. ஆனால் ஜூலையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தாங்கள் எழுதிவிட்டதால், வேறு வழியில்லாமல் துருக்கியில் அவசர விலைக்குத் தைக்கக் கொடுத்துவிட்டோம். அதற்கான நஷ்டத்தை ஹாம்பர்க் நடுவர் முன் தங்களிடம் கேட்கப்போகிறோம்.

மெஹ்ஜபின் அந்த ஆகஸ்ட் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். உங்களுக்கு இருந்த ஒரே சந்திலும் உங்கள் கையாலேயே சுவர் வைத்துவிட்டீர்கள் என்றார். ஜெர்மன் வழக்கம் எனக்குத் தெரியாது என்று இனி எந்த வாயால் சொல்வது? பொங்கியண்ணன், விசாரணைக்குப் போகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். பேசாமல் இருந்ததுதான் உங்களை இந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றார் மெஹ்ஜபின்.

திரும்பி வருகிற வழியில் காரில் பொங்கியண்ணன் யோசித்தார். யோசித்ததை நேரில் சொல்கிற ஆளா அவர்? மறுநாள் காலை ஆத்தப்பன் ஒரு தாளோடு கோமளாவின் மேஜைக்கு வந்தார். முதலாளியைக் கேட்காமல் கோமளாவே அந்த ஆகஸ்ட் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டாள் என்று அதில் இருந்தது. அடியில் அவள் பெயர், மேலே கையெழுத்துக்கு வெற்றிடம். சும்மா ஒரு கையெழுத்துத்தான், வேலைக்கு ஒன்றும் ஆகாது, அய்யா பார்த்துக்கொள்வார் என்று ஆத்தப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

கோமளா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். முதலாளியைக் கேட்காமல் கடிதம் அனுப்புகிற மெர்ச்சண்டைசரை அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் வரைக்கும் ஒரு கம்பெனியும் உள்ளே விடாது. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் அப்போது வேறு ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க சார்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்து, “கொஞ்சம் யோசிச்சுப் பாரு அம்மிணி” என்றார்.

“யோசிச்சுட்டனுங்க. முடியாதுங்க.”

அந்த அறையில் அந்தச் சொல் அதற்கு முன் ஒலித்ததே இல்லை. கூரை இடியவில்லை. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இதற்கா பயந்தோம் என்று கோமளாவுக்கே வியப்பாக இருந்தது. அடுத்த கணம் தன்மேலேயே கோபமும் வந்தது.

சாயங்காலம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அதன் கடைசி வரி இது: ‘ஏழு நாட்களுக்குள் தங்களிடமிருந்து எழுத்தில் மறுப்பு வராவிட்டால், தாங்கள் இதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு பொறுப்பிலிருந்து விலகிவிடுவேன்.’ பொங்கியண்ணன் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். காப்பி சொன்னார். கைப்பேசியையும் எடுத்தார். பன்னிரண்டு வருஷத்து அகராதி அன்றைக்கு உதவவில்லை. அவளும் அதைப் புரட்டிப் பார்க்கிற நிலையில் இல்லை. ஏழு நாள் அவர் ஒன்றும் எழுதவில்லை. எட்டாம் நாள் அவள் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று அவர் எல்லோரிடமும் வருத்தப்பட்டார்.

அந்த வருத்தத்தோடு, கேட்காமல் கடிதம் அனுப்பியவள் என்கிற செய்தியையும் கலந்துவிட்டிருந்தார். ஆகவே அனுப்பர்பாளையத்தில் சலாவுதீன் என்பவரின் கம்பெனிக்குக் கோமளா வேலை கேட்டுப் போனபோது, அவர் அவளுடைய அனுபவத்தைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை யார் அனுப்பியது என்று மட்டும் கேட்டார்.

“அவர் சொல்லச்சொல்ல நான் அடிச்சதுங்க. அனுப்ப வேண்டாமுன்னு சொன்னேன், கேக்கலீங்க. ஆனா அனுப்பினது என்னோட கைதானுங்க.”

சலாவுதீன் அவளைத் திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். என்ன வேலை, என்ன பெயர், என்ன சம்பளம் என்று அப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்படியும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்பதை நம்ப அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

விசாரணை இந்த வருஷம் பிப்ரவரியில், மெஹ்ஜபினின் அலுவலகத்தில் ஒரு திரைக்கு முன்னால் நடந்தது. அந்தப் பக்கம் ஹாம்பர்க்கில் நரைத்த தலையுடைய நடுவர், உல்ரிக்கே, இரண்டு வக்கீல்கள். மெஹ்ஜபின் கேட்டுக்கொண்டதால் கோமளாவும் வந்திருந்தாள். ஜனவரியில் முதலாளி சொன்ன சொல் என்ன, அதற்கு என்ன பொருள் என்று நடுவர் கேட்டார். பாக்கலாமுக்கும் பாத்துக்கலாமுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நடுவர் அதை மூன்று முறை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பிறகு பொங்கியண்ணனிடம் திரும்பினார். பிப்ரவரியில், உங்கள் மனதுக்குள், இந்த ஆர்டரை எடுப்பதாக முடிவு செய்திருந்தீர்களா, விடுவதாகவா?

எவ்வளவு எளிய கேள்வி. பொங்கியண்ணன் பல் தெரியாமல் சிரித்தார். தலையை ஆட்டினார். பேசவில்லை. திரையில் ஹாம்பர்க் காத்திருந்தது. அரை நிமிஷம் கழித்து, கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து, உங்களுக்கு நாங்கள் பேசுவது கேட்கிறதா என்று அங்கே ஒருவர் கேட்டார். இங்கே அலுவலக உதவியாளர் ஓடிவந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பொங்கியண்ணன், அப்போது பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார். எதை என்று நடுவர் கேட்டார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. ஒப்பந்தம் பிறந்ததா என்கிற கேள்விக்கு, பிறந்திருந்தால் அதை ஆண்டிருக்கக்கூடிய ஜெர்மன் சட்டமே பதில் சொல்லும். தன் நாட்டுச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கப் பொங்கியண்ணனுக்கு வழியில்லை. ஜெர்மன் வழக்கத்தைத் தாம் நன்கு அறிவதாகவும் அதன்படியே ஒப்பந்தம் உயிரோடிருப்பதாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் ஜனவரியில் பிறந்தது, ஜூலையில் அவரால் முறிந்தது, ஆகவே நஷ்டம் அவர் தலையில். நஷ்டத்துக்கு ஈடாக, அடுத்த கிறிஸ்துமஸ் உடுப்புகளை அந்தப் பழைய விலைக்கே தைத்துத் தந்தால் போதும் என்று உல்ரிக்கே இறங்கி வந்தாள். மெஹ்ஜபின் அந்தச் சமரசத் தாளை நீட்டி, கையெழுத்துப் போடும்வரை அவரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க விடவில்லை.

இப்போது மங்கலம் ரோட்டில் நாற்பதாயிரம் குழந்தை உடுப்பு தைக்கிறார்கள். பொங்கியண்ணன் திருந்தினாரா? அந்த இனம் திருந்தியதாக எங்கேயும் பதிவு இல்லை. வெள்ளைக்காரன் சட்டம் அநியாயமானது, பேசாமல் இருந்தவனையும் பிடித்துக்கொள்கிறது என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறார். அவர் அப்படிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, நீங்கள் ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாமே என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் சொல்வதில்லை. உல்ரிக்கேவுக்கோ அவர்மேல் இப்போது தனிப் பிரியம். பேச வருவது, பேசியதை மூன்றாம் நாள் எழுதி அனுப்புவது, பதில் வராததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது என்று அவளுக்கு வேலை மிகவும் சுலபமாகிவிட்டது.

நல்லவேளை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை. நாம் ஏற்றுமதி செய்வதில்லை, ஹாம்பர்க்குக்கு முறுக்குக் கொடுத்து அனுப்பியதும் இல்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நீங்கள் படித்துவிட்டதாக நீலக் கோடு விழுந்து, பதில் மட்டும் போடாமல் விட்ட செய்திகள் அதில் எத்தனை கிடக்கின்றன? ‘வர்றீங்களா?’, ‘நான் காத்திருக்கட்டுமா?’, ‘அப்போ முடிவு பண்ணிடலாமா?’ முடியாது என்று சொன்னால் மனசு சங்கடப்படுமே என்றுதானே விட்டு வைத்திருக்கிறீர்கள்? நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எந்த நாட்டுச் சட்டப்படி காத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?